மடி காப்போம்
(உரைநடைப் பாடம்)

நுழையும்முன்

விடிந்ததும் நம் வீட்டு வாசலுக்குப் பால் பை வந்துவிடுகிறது. காய்ச்சுகிறோம், குடிக்கிறோம், மீந்ததை உறையூற்றித் தயிராக்குகிறோம். அந்தப் பால் எந்த ஊர்த் தொழுவத்தில் கறக்கப்பட்டது, கறந்தவரின் கை தூய்மையாக இருந்ததா, பால் தந்த பசு நலமாக இருந்ததா என்றெல்லாம் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பசுவின் மடியைத் தாக்கும் நோயைப் பற்றியும், அது வராமல் காக்கும் வழிகளைப் பற்றியும் இப்பாடத்தில் அறிவோம்.

1. லட்சுமி இழந்தது

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரில் நான் பிறந்து வளர்ந்தேன். எங்கள் வீட்டில் லட்சுமி என்றொரு பசு இருந்தது. காலையும் மாலையும் பாட்டிதான் பால் கறப்பார். வீட்டுத் தேவைக்குப் போக மீதிப் பால் சங்கத்துக்குப் போகும். என் பள்ளிச் செலவுக்கான பணம் அந்தப் பாலிலிருந்துதான் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. பாட்டி எனக்கு ஒரே ஒரு வேலையைத்தான் கொடுத்திருந்தார். "கறந்த மாட்டை உடனே படுக்க விடாதே, கண்ணு. வைக்கோல் போட்டு அரைமணி நேரமாவது நிற்க வை" என்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. முன்னோர் செய்தார்கள், நாமும் செய்கிறோம் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு மழைக்காலம். தோழர்கள் விளையாட அழைத்தார்கள். தொடர்ந்து நான்கைந்து நாள்கள் வைக்கோல் போடாமலேயே ஓடிவிட்டேன். கறந்து முடித்ததும் லட்சுமி சேறும் சாணமும் கலந்த ஈரத் தரையிலேயே படுத்துக்கொண்டது. அதற்கடுத்த வாரம் அதன் மடியின் ஒரு பக்கம் கல்லைப் போல் இறுகிவிட்டது. தொட்டால் சுட்டது. காம்பைத் தொட்டதும் லட்சுமி காலை உதறியது. பால் திரிதிரியாக, மஞ்சள் நிறத்தில் வந்தது. சூடு என்று நினைத்து மூன்று நாள்கள் கைவைத்தியம் பார்த்தோம். கால்நடை மருத்துவர் வந்தபோது காலம் கடந்துவிட்டது. லட்சுமி பிழைத்துக்கொண்டது, ஆனால், அந்தக் காம்பில் அதன்பிறகு பால் சுரக்கவே இல்லை. வேளைக்கு நான்கு லிட்டர் கறந்த பசு, பின்னர் மூன்று லிட்டரைத் தாண்டவில்லை.

நான் வைக்கோல் போடாததுதான் காரணம் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல இயலாது. பாட்டி என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும், அந்த அரைமணி நேரத்தின் பொருள் என்ன என்ற கேள்வி என் மனத்தை விட்டு நீங்கவில்லை. அதற்கான விடை பல ஆண்டுகள் கழித்துக் குஜராத்தில் கிடைத்தது.

2. ஆனந்த் அருகே ஒரு தொழுவம்

ஆசிரியர் பணியில் இடமாற்றம் பெற்றுக் குஜராத்துக்கு வந்த பிறகு, தமிழ் பயிலும் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு ஆனந்த் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றேன். இந்தியாவின் கூட்டுறவுப் பால் இயக்கம் வேரூன்றிய மண் அது. கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் 1946ஆம் ஆண்டு அங்கேதான் பதிவுசெய்யப்பட்டது. இன்றும் அவ்வூர்களில் காலையும் மாலையும் மக்கள் தூக்குகளுடன் சங்கத்தின் முன் வரிசையில் நிற்பதைக் காணலாம்.

நாங்கள் சென்றது மாலைக் கறவை நேரம். மூன்று கலப்பினப் பசுக்களை வளர்த்துவந்த அம்மையார் ஒருவர் எங்களை வரவேற்றார். ஊரார் அவரைப் 'பென்' என்றே அழைத்தனர். குஜராத்தி மொழியில் பென் என்றால் உடன்பிறந்தாள் என்று பொருள். நாம் 'அக்கா' என்பதைப் போல. எனக்குக் குஜராத்தி அவ்வளவாக வராது. அங்கேயே பிறந்து வளர்ந்த என் மாணவி ஒருத்திதான் அவர் சொன்னவற்றைத் தமிழில் எடுத்துரைத்தாள். காம்பு என்னும் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது. பால் நிறையும் பகுதியைக் குறிக்கும் சொல்தான் தெரியவில்லை.

"மடி" என்றேன்.

"அம்மா மடியா, ஐயா?" என்று வியப்புடன் கேட்டாள்.

"ஆம். குழந்தையைத் தாங்குவதும் மடி, கன்றுக்குப் பால் தருவதும் மடி" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தாள்.

3. மடியின் அமைப்பு

பசுவின் மடி ஒரே பையைப் போலத் தோன்றினாலும், அதனுள் நான்கு தனித்தனிப் பகுதிகள் உள்ளன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காம்பு உண்டு. ஒரு பகுதியில் சுரக்கும் பால் மற்றொரு பகுதிக்குச் செல்லாது. அதனால்தான் லட்சுமியின் ஒரு பகுதி கெட்ட பிறகும் ஏனைய மூன்றும் பால் தந்தன.

ஒவ்வொரு பகுதியிலும் எண்ணற்ற நுண்பைகள் உள்ளன. இரத்தத்திலிருந்து சத்துகளை எடுத்துப் பாலாக்குபவை அவையே. ஒரு லிட்டர் பால் உருவாக ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் வழியே ஓட வேண்டும்.

காம்பின் நுனியில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள மிகச் சிறிய குழாய் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சுருக்குத்தசை உள்ளது. சுருக்குப்பையின் கயிறு பையின் வாயை மூடுவதைப் போல அத்தசை குழாயின் வாயை மூடிக் காக்கிறது. குழாயின் உட்சுவரில் மெழுகு போன்ற ஒரு பொருள் படிந்திருக்கும். உள்ளே நுழைய முயலும் நுண்ணுயிரிகளை அது பிடித்துவைக்கும்.

பால் கறக்கும்போது இந்த வாயில் திறக்கிறது. கறந்து முடித்ததும் அது உடனே மூடிக்கொள்வதில்லை. நன்றாக மூட அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் பசு சேற்றிலும் சாணத்திலும் படுத்தால், திறந்த வாயில் வழியே நுண்ணுயிரிகள் எளிதாக உள்ளே புகுந்துவிடும்.

பென் இதைச் சொல்லி, மாணவி அதைத் தமிழில் சொன்னபோது, பாட்டியின் குரல் என் காதில் ஒலித்தது. தீவனம் முன்னே இருந்தால் பசு நின்று தின்னும். அதற்குள் வாயில் மூடிக்கொள்ளும். பாட்டி போடச் சொன்ன வைக்கோலின் பொருள் இதுதான்.

4. கண்ணுக்குத் தெரியும் நோயும் தெரியாத நோயும்

நுண்ணுயிரிகள் மடிக்குள் புகுந்து ஏற்படுத்தும் அழற்சியே மடிநோய். இதனை மடிவீக்க நோய் என்றும் கூறுவர். நுண்ணுயிரிகளுள் சில, கறப்பவரின் கையாலும் துணியாலும் ஒரு பசுவிலிருந்து மற்றொரு பசுவுக்குப் பரவுகின்றன. வேறு சில, சாணம், சேறு, ஈரமான படுக்கை ஆகியவற்றில் வாழ்ந்து அங்கிருந்து மடியை அடைகின்றன.

மடி வீங்குதல், சிவத்தல், சூடாதல், வலித்தல், பால் திரிந்து வருதல் ஆகியவை வெளிப்படையான மடிநோயின் அறிகுறிகள். இவற்றை எவரும் கண்டுகொள்ளலாம். மறைந்திருக்கும் மடிநோயோ அவ்வாறன்று. மடி இயல்பாகவே இருக்கும். பாலும் வெண்மையாகவே இருக்கும். ஆனால், கறவை சிறிது சிறிதாகக் குறையும். வெளிப்படையான நோயைவிட மறைந்திருக்கும் நோயே மிகுதியாகக் காணப்படுகிறது. பால் வளர்ப்போருக்குப் பேரிழப்பைத் தருவதும் அதுவே.

இதனைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை என்பது அதன் பெயர். 1957இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இச்சோதனை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. நான்கு குழிகள் உள்ள ஒரு தட்டில், நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே சிறிதளவு கறந்துகொள்ள வேண்டும். அதே அளவு சோதனைக் கரைசலை ஒவ்வொன்றிலும் ஊற்றித் தட்டை மெல்லச் சுழற்ற வேண்டும். நலமான பகுதியின் பால் நீர்மையாகவே இருக்கும். நோயுற்ற பகுதியின் பால் கூழைப் போலக் கெட்டியாகும்.

கெட்டியாவதற்குக் காரணம் வெள்ளையணுக்கள். நோய்க்கிருமிகளை எதிர்த்துப் போரிட உடல் வெள்ளையணுக்களை மடிக்கு அனுப்புகிறது. நலமான மடியின் பாலில் ஒரு மில்லிலிட்டருக்கு இரண்டு இலட்சத்துக்கும் குறைவான செல்களே இருக்கும். நோயுற்றால் அவ்வெண்ணிக்கை பல மடங்கு உயரும். கரைசல் அச்செல்களை உடைக்கும்போது வெளிப்படும் பொருளே பாலைக் கெட்டியாக்குகிறது.

அன்று சங்கத்தின் கால்நடை உதவியாளர் வந்து சோதனை செய்தார். முதல் பசுவின் பால் நான்கு குழிகளிலும் நீர்மையாகவே ஓடியது. இரண்டாம் பசுவின் தட்டில் மூன்று குழிகளில் ஓடியது. நான்காவது குழியில் கூழானது. அந்தப் பசுவைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. அது தன்பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. பென் சற்று நேரம் பேசாமல் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தார். பின்னர், "நல்லவேளை, இப்போதே தெரிந்தது" என்றார்.

5. நோய் வராமல் காக்கும் முறைகள்

பென் நாள்தோறும் பின்பற்றும் முறைகளை மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவை வருமாறு:

1. தொழுவத்தின் தரை ஈரமின்றி இருக்க வேண்டும். சாணத்தை உடனுக்குடன் அகற்ற வேண்டும்.
2. கறப்பவர் நகங்களை வெட்டி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.
3. காம்புகளைக் கழுவியபின் உலர்ந்த தூய துணியால் துடைக்க வேண்டும். ஈரம் சொட்டச் சொட்டக் கறந்தால் அழுக்கு நீர் பாலில் விழும். ஒரு பசுவுக்குப் பயன்படுத்திய துணியை மற்றொரு பசுவுக்குப் பயன்படுத்தலாகாது.
4. ஒவ்வொரு காம்பிலும் முதலில் வரும் இரண்டு மூன்று பீய்ச்சல்களைக் கருநிறக் கிண்ணம் ஒன்றில் கறந்து பார்க்க வேண்டும். திரியோ கட்டியோ இருந்தால் கருநிறத்தில் தெளிவாகத் தெரியும். அப்பாலைத் தரையில் பீய்ச்சினால் நோய் பரவும்.
5. காம்பை முழுக்கையால் பற்றிக் கறக்க வேண்டும். கட்டைவிரலை மடக்கி அழுத்திக் கறந்தால் காம்பின் உட்பகுதி புண்ணாகும்.
6. பசுவை அதட்டலும் அடித்தலும் கூடாது. கன்றைக் கண்டதும், மடியைத் தடவியதும் பசுவின் உடலில் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு ஊறிப் பால் இறங்குகிறது. அதன் ஆற்றல் சில நிமிடங்களே நீடிக்கும். ஆகவே, ஏழெட்டு நிமிடங்களுக்குள் கறந்துவிட வேண்டும். அஞ்சிய பசு பாலை அடக்கிக்கொள்ளும். 'ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்' என்னும் பழமொழி இதை உணர்ந்தே பிறந்தது.
7. நலமான பசுக்களை முதலிலும் நோயுற்ற பசுவை இறுதியிலும் கறக்க வேண்டும்.
8. கறந்து முடித்தவுடன் ஒவ்வொரு காம்பையும் கிருமிநாசினிக் கரைசலில் தோய்க்க வேண்டும். இதற்கு அயோடின் கலந்த கரைசல் பெரிதும் பயன்படுகிறது.
9. உடனே தீவனம் இட்டு, அரைமணி நேரமேனும் பசுவை நிற்கச் செய்ய வேண்டும்.
10. ஈனுவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் கறவையை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும். அப்போது காம்பினுள் செலுத்த வேண்டிய மருந்தை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

நம் ஊர்களில் வழங்கும் மூலிகைப் பூச்சு ஒன்றைத் தேசியப் பால்வள வாரியமும் பரிந்துரைத்துப் பரப்பிவருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, நீர் கலந்து, கறந்து கழுவிய மடியின்மீது நாளொன்றுக்குப் பலமுறை பூசுவர். எனினும், காய்ச்சலும் கடும் வீக்கமும் கண்டால் கால்நடை மருத்துவரை அழைப்பதில் ஒரு நாளும் தாழ்த்தலாகாது.

6. பாலின் தரம்

மடிநோய் பசுவுக்கு மட்டும் கேடன்று, பாலுக்கும் கேடு. நோயுற்ற மடியின் பாலில் உப்புத்தன்மை கூடுகிறது; இனிப்புச்சத்து குறைகிறது. புரதத்தின் தன்மையும் மாறுவதால் தயிர் செவ்வையாக உறைவதில்லை. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் நோய்க்கிருமிகள் அழியும். ஆனால், இழந்த சத்து திரும்பாது. சிகிச்சைக்கு அளித்த மருந்தின் எச்சமும் பாலிலிருந்து நீங்காது.

ஆகவே, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்த பசுவின் பாலை, மருத்துவர் சொல்லும் நாள்வரை சங்கத்தில் ஊற்றலாகாது. மீறி ஊற்றினால் அதைக் குடிப்போருக்குத் தீங்கு நேரலாம். நுண்ணுயிரிகளும் நாளடைவில் அம்மருந்துக்கு அடங்காதவையாக மாறும்.

பென்னின் மூன்றாம் பசு அப்போது சிகிச்சையில் இருந்தது. அதை இறுதியாகக் கறந்து, பாலைத் தனி வாளியில் எடுத்துச்சென்று தொலைவிலிருந்த குழியில் கொட்டினார். மாணவன் ஒருவன் என் காதருகே, "ஐயா, எல்லாப் பாலோடும் சேர்த்து ஊற்றினால் யாருக்குத் தெரியும்?" என்றான். பிறகு அதே கேள்வியைக் குஜராத்தியில் பென்னிடமே கேட்டுவிட்டான். அவர் சினம் கொள்ளவில்லை. "நகரத்தில் நீங்கள் குடிப்பது எங்கள் பால்தானே, மகனே?" என்றார்.

அவன் தலை குனிந்தான். ஒரு குடம் பாலில் துளி நஞ்சு என்று நாம் உவமையாகச் சொல்வது அங்கே உவமையாக இல்லை.

கறந்த பாலும் காத்திருக்காது. மடியிலிருந்து வரும்போது பால் பசுவின் உடல் வெப்பமான ஏறத்தாழ 38 டிகிரி செல்சியசில் இருக்கும். அந்த வெதுவெதுப்பில் நுண்ணுயிரிகள் விரைந்து பெருகும். எனவே, பாலை வடிகட்டி, தூய எஃகுத் தூக்கில் ஊற்றி, காலந்தாழ்த்தாமல் சங்கத்தில் சேர்க்க வேண்டும். அங்குள்ள குளிர்விப்புத் தொட்டி பாலை 4 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கிறது. பாலின் தூய்மையை அறிய மெத்திலீன் நீலச் சோதனையும் செய்வர். நீலச் சாயம் கலந்த பாலின் நிறம் விரைவில் மறைந்தால் நுண்ணுயிரிகள் மிகுதி. நீண்ட நேரம் நிலைத்தால் பால் தூயது.

7. மடி அகற்றி மடி காப்போம்

திரும்பும் வழியில், 'மடி' என்னும் சொல்லுக்கு வேறு பொருள் உண்டா என்று மாணவி கேட்டாள். சோம்பல் என்றும் பொருள் உண்டு என்றேன். திருக்குறளில் 'மடியின்மை' என்று ஓர் அதிகாரமே இருப்பதைச் சொன்னேன். பிறகு லட்சுமியின் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.

பசுவின் மடியைக் காக்கப் பெரும்பொருள் தேவையில்லை. சிறிது சோப்பு, உலர்ந்த துணி, ஒரு கருநிறக் கிண்ணம், கொஞ்சம் கரைசல், ஒரு பிடி வைக்கோல், இவற்றோடு ஒவ்வொரு வேளையும் தவறாத கவனம் போதும். ஒருநாள் சோம்பலுக்கு இடம் கொடுத்தாலும் அந்தச் சிறு வாயில் வழியே நோய் புகுந்துவிடும்.

பாட்டி சொன்னதற்குக் காரணம் கேட்காமல் விட்டது என் பிழை. நீங்கள் பெரியோரிடம் காரணம் கேளுங்கள். காரணம் தெரிந்துவிட்டால், செய்ய வேண்டியதை ஒருநாளும் விடமாட்டீர்கள்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவின் வெண்மைப் புரட்சிக்கு வழிவகுத்த வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டில் பிறந்தவர்; சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் பயின்றவர். 1949இல் பணியின்பொருட்டு ஆனந்த் சென்றவர், வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய பிறந்தநாளான நவம்பர் 26 தேசியப் பால் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சொல்லும் பொருளும்

தொழுவம் – மாடு கட்டும் இடம்
காம்பு – மடியில் பால் வரும் உறுப்பு
கறவை – பால் கறத்தல். பால் தரும் பசு
பீய்ச்சல் – பாய்ந்து வரும் பால்தாரை
அழற்சி – நோயால் உண்டாகும் வீக்கமும் எரிவும்
ஈனுதல் – கன்று போடுதல்
எச்சம் – மிஞ்சியிருப்பது

மொழியை அறிவோம்

ஒரு சொல் பல பொருள் தருமாயின் அது பலபொருள் ஒருமொழி எனப்படும்.
மடி – பசுவின் பால்மடி, தாயின் மடி, சோம்பல், மடித்து வை என்னும் ஏவல்.

'ஆ' என்பது பசுவைக் குறிக்கும் ஓரெழுத்து ஒருமொழி. ஆ + இன் = ஆவின். இடையில் வந்த 'வ்' உடம்படுமெய். தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் நிறுவனத்தின் 'ஆவின்' என்னும் பெயருக்குப் 'பசுவினுடைய' என்பது பொருள்.

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மடியின் ஒரு பகுதி கெட்டாலும் ஏனைய பகுதிகள் பால் தருவது எவ்வாறு?
2. முதல் பீய்ச்சல்களைக் கருநிறக் கிண்ணத்தில் கறப்பது ஏன்?
3. நோயுற்ற பசுவை இறுதியில் கறப்பதன் காரணம் யாது?

ஆ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. கறந்த பசுவை அரைமணி நேரம் நிற்கச் செய்வதன் காரணத்தை விளக்குக.
2. மறைந்திருக்கும் மடிநோயைக் கண்டறியும் சோதனையை விவரிக்க.

இ. முறைப்படுத்தி எழுதுக.
காம்பைக் கரைசலில் தோய்த்தல் – கை கழுவுதல் – தீவனம் இடுதல் – காம்பைத் துடைத்தல் – முதல் பீய்ச்சலைப் பார்த்தல் – முழுக்கையால் கறத்தல்

ஈ. தொடரில் அமைத்து எழுதுக.
1. வயிற்றில் பால் வார்த்தாற்போல
2. ஒரு குடம் பாலில் துளி நஞ்சு போல

உ. சிந்தித்து எழுதுக.
"யாருக்குத் தெரியும்?" என்று கேட்ட மாணவனுக்கு நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்?

ஊ. செயல்பாடு
உங்கள் தாத்தா பாட்டியிடமோ பெற்றோரிடமோ, அவர்கள் ஊரில் கால்நடை வளர்ப்பில் பின்பற்றிய பழக்கம் ஒன்றைக் கேட்டறிக. அதற்கான காரணத்தையும் தேடி, பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் பசு, பால், கன்று, தயிர் ஆகியவற்றுக்கு வழங்கும் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிச் சேர்க்க.